இடக்கையால் யோயோ ஆடுபவர்களுக்கு: கயிற்றின் முறுக்கு

யோயோவைக் கழற்றிப் பார்த்தால் அதில் இடம், வலம் என்று எதுவும் இல்லை. ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடிப் பிம்பம். நடு அச்சு, அதன் மேல் சுழலும் பேரிங், கயிற்றைப் பற்றி யோயோவைக் கைக்கு ஏற்றும் ரெஸ்பான்ஸ் பேட் எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான். இடக்கைக்காரருக்குத் தனி யோயோ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வது அதனால் சரி. ஆனால் அந்தப் பதிலில் கயிறு விடுபட்டுப் போகிறது. கயிற்றுக்கு இடம் வலம் உண்டு. வலம்புரிச் சங்கைக் கண்ணாடியில் காட்டினால் இடம்புரியாகத் தெரிகிறதே, அதுபோல முறுக்கிய எந்தக் கயிற்றுக்கும் ஒரு புரி உண்டு. அதன் பிம்பம் வேறு கயிறு. கடையில் கிடைக்கும் யோயோ கயிறுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே புரியில் முறுக்கியவை. வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் அதே கயிற்றைத்தான் மாட்டிக்கொள்கிறோம், ஆனால் இடக்கைக்காரராகிய நம் எறிதல் வலக்கைக்காரருடைய எறிதலின் பிம்பம். கை திரும்பிவிட்டது, கயிறு திரும்பவில்லை. இடக்கை ஆட்டத்தில் முறுக்கு தொடர்பாக வரும் குழப்பம் முழுவதும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

சொல்லையும் ஒரு முறை தெளிவாக்கிக்கொள்வோம். ஆடுபவர்கள் இதை "டென்ஷன்" என்றே சொல்கிறோம். பள்ளிப் பாடத்தில் வரும் இழுவிசை இல்லை இது. கயிறு எவ்வளவு முறுக்கேறியிருக்கிறது என்பதுதான். இந்தப் பதிவில் முறுக்கு என்றே எழுதுகிறேன். தமிழில் அதற்கு அவ்வளவு பொருத்தமான சொல் கையிலேயே இருக்கிறது.

யோயோ கயிறு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். நீளமான ஒரு நூற்கற்றையை எடுத்து ஒரு திசையில் முறுக்குவார்கள். பிறகு நடுவில் மடித்து விட்டால், இரண்டு பாதியும் எதிர்த்திசையில் ஒன்றையொன்று தாமாகவே சுற்றிக்கொள்ளும். மடிப்பு விழுந்த முனைதான் அச்சில் மாட்டும் கண்ணி. மறுமுனையில் விரலுக்கான முடிச்சு. 1928-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பெட்ரோ ஃப்ளோரஸ் என்ற பிலிப்பைன்ஸ்காரர் யோயோ நிறுவனம் தொடங்கி விற்றபோது, கயிற்றை அச்சில் இறுக்கிக் கட்டாமல் இப்படிக் கண்ணியாக மாட்டிய யோயோதான் மக்களை ஈர்த்தது. கண்ணி அச்சில் வழுக்குவதால் யோயோ அடியில் நின்று சுழலும். அந்தக் கண்ணிக்கு முடிச்சு கிடையாது. அதை மூடி வைத்திருப்பது முறுக்கு மட்டுமே. முறுக்கு ஏறினால் கண்ணி இறுகும், இறங்கினால் அகலும்.

கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். புரிகள் இடது கீழிலிருந்து வலது மேலாக, இசட் எழுத்தின் நடுக்கோடு போலச் சாய்ந்திருந்தால் அது இசட் முறுக்கு. சாதாரணத் திருகாணியின் மரையும் இதே பக்கம்தான் ஏறும். வழக்கமான யோயோ கயிறு இந்த வகை. எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் எஸ் முறுக்கு. இசட் கயிற்றில் யோயோவைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்த்தபடி வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில், திருப்பினால் முறுக்கு ஏறும். இடஞ்சுழியாகத் திருப்பினால் இறங்கும். இது எந்தக் கையால் ஆடினாலும் மாறாது. சந்தேகம் வந்தால் புதுக் கயிற்றின் கண்ணியைத் திறந்து பாருங்கள்: எந்தப் பக்கம் திருப்பினால் கண்ணி விரிகிறதோ அதுவே முறுக்கு இறங்கும் திசை.

இங்கே ஒரு நுணுக்கம். யோயோவை நாம் திருப்புவது வேறு, அது தானாகத் திரும்புவது வேறு. தொங்கவிட்ட யோயோ தானாக இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்கினால், கயிறு தன்னிடம் மிகுந்திருக்கும் முறுக்கை வெளியேற்றுகிறது என்று பொருள். தானாக வலஞ்சுழியாகச் சுற்றினால் கயிறு தளர்ந்து கிடந்தது, இழந்த முறுக்கை மீட்டுக்கொள்கிறது. பலர் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, ஏற்கனவே இறுகிய கயிற்றை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள்.

ஆகவே முறுக்கு பற்றி எங்கே எந்தக் குறிப்பைப் படித்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது கயிற்றைப் பற்றியதா, எறிதலைப் பற்றியதா? "வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும்" என்பது கயிற்றைப் பற்றியது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "இந்தப் பக்கம் சாய்த்து எறிந்தால் முறுக்கு இறங்கும்", "இந்த லூப் முறுக்கை ஏற்றும்" (லூப் என்பது கைக்குத் திரும்பும் யோயோவைப் பிடிக்காமல் மறுபடி முன்னே வீசுவது) என்பதெல்லாம் எறிதலைப் பற்றியவை. எழுதியவர் வலக்கைக்காரர் என்றால் முழுவதையும் திருப்பிக்கொள்ள வேண்டும். அவருக்கு ஏற்றுவது நமக்கு இறக்கும்.

காணொளி பார்த்துக் கற்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. இடக்கைக்காரர்களில் பலர் வலக்கை ஆட்டக்காரரின் காணொளியை இடவலமாகத் திருப்பி ஓடவிட்டுக் கற்கிறோம். யோயோவைக் கயிற்றின் மேல் ஏற்றி நிறுத்தும் ட்ரபீஸ் வித்தையில் எந்த விரல், கயிறு எந்தப் பக்கம் என்பதற்கெல்லாம் இது மிக நல்ல வழி. ஆனால் திருப்பிய காணொளியில் கயிறும் திரும்பிவிடுகிறது. திரையில் இருப்பது எஸ் கயிறு, உங்கள் கையில் இருப்பது இசட். அங்கே அவர் யோயோவை ஒரு பக்கம் திருப்பி முறுக்கை இறக்கிக் காட்டினால், அதே பக்கம் திருப்பும் உங்கள் கயிற்றில் முறுக்கு ஏறும். எறிதலைத் திருப்பிய காணொளியில் பாருங்கள். கயிற்றைக் கையாளும் பகுதிக்கு வந்ததும் திருப்பாத காணொளிக்கு மாறிவிடுங்கள்.

முறுக்கு எங்கிருந்து வந்து சேர்கிறது? மூன்று வழிகள் முக்கியம். முதலாவது கை. உள்ளங்கை மேல்நோக்கி இருக்க எறிகிறோம், கவிழ்த்துப் பிடிக்கிறோம், மறுபடி நிமிர்த்துகிறோம். இந்தப் புரட்டலில் விரல் முனையில் கயிறு சிறிது திரும்புகிறது. ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் போகாது, ஆனால் ஒரே பக்கமாகவே சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது, யோயோ சாய்வது. நேராகச் சுழலாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் கயிறு ஒரு பக்கச் சுவரை உரசும். சுழலும் சுவர் கயிற்றை உள்ளங்கையில் திரி உருட்டுவது போல உருட்டும். கிடையாகச் சுழலவிடும் ஹாரிஜாண்டல் ஆட்டத்தில் சில நொடிகளிலேயே கயிறு கெட்டுப்போவது இதனால்தான். மூன்றாவது, தளர்ந்த கயிற்றை வளையமாக வீசும் விப், ஸ்லாக் வகை வித்தைகள். காற்றில் போட்ட வளையம் யோயோவைத் தாண்டி விழுந்து நேராகும்போது ஒரு சுற்று முறுக்காக மாறிக் கயிற்றில் தங்கும். பல வித்தைகளைக் கலந்து ஆடினால் இவை ஒன்றையொன்று பெரும்பாலும் சரிக்கட்டும். ஒரே வித்தையை 20 தடவை திரும்பத் திரும்பப் பழகும்போதுதான் ஒரு பக்கமாகக் குவிகிறது.

கையால் கயிற்றைச் சுற்றும்போதும் கவனம் வேண்டும். யோயோவின் இரு பாதிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குள் கயிறு நேராக இறங்கினால் முறுக்கு மாறாது. யோயோவைப் படுக்கவைத்து, விளிம்பைத் தாண்டிச் சாய்வாகக் கயிற்றை ஓட்டினால் ஒவ்வொரு சுற்றும் முறுக்கைக் கொஞ்சம் மாற்றும். நூற்கண்டின் பக்கத்திலிருந்து நூலை உருட்டி எடுப்பதற்கும், தலைப்பிலிருந்து உருவி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இனி, உங்கள் எறிதல் எந்தப் பக்கம் முறுக்கைத் தள்ளுகிறது என்பதைப் பிறர் சொல்லிக் கேட்பதைவிட ஒரு முறை அளந்துவிடுவது நல்லது. இடக்கைக்காரர் இருவரை எடுத்துக்கொண்டாலும், ஒருவர் மணிக்கட்டை அதிகம் புரட்டுவார், இன்னொருவர் எறிதலிலேயே சாய்வு இருக்கும். அளக்க அரை மணி நேரம் போதும். ஒரு ஸ்கெட்ச் பேனா, ஒரு தாள், புத்தம்புதிதாக இல்லாத ஒரு கயிறு. புதுக் கயிறு முதல் சில பத்து எறிதல்களில் நீண்டு, தன் முறுக்கைத் தானே சரிசெய்துகொண்டிருக்கும். அதில் எடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல.

முதலில் கயிற்றை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். விரலிலிருந்து கழற்றி, கயிறு முழுவதையும் பிரித்துவிட்டு, யோயோவை உயர்த்திப் பிடித்து, முடிச்சு முனையைத் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். உயரம் போதாவிட்டால் படிக்கட்டில் நில்லுங்கள். முனை தானாகச் சுற்றி ஓயும். பிறகு யோயோவுக்கு அருகே கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களால் மெல்லப் பிடித்துக் கீழ்வரை இரண்டு முறை உருவி விடுங்கள். இடையில் தேங்கிய முறுக்கும் வெளியேறும். இப்போது கயிற்றின் நடுப்பகுதியில் ஒரு முழம் எடுத்து, இரு முனைகளையும் நான்கு விரற்கடை இடைவெளியில் பிடித்து, நடுவைத் தொங்கவிடுங்கள். ஊஞ்சல் போல விரிந்து தொங்கினால் நடுநிலை. இரண்டு காலும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டால் இன்னும் ஏதோ ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது. இந்த ஊஞ்சல் சோதனையைப் பழகிக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில்கூட இரண்டு நொடியில் பார்த்துவிடலாம்.

யோயோவின் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். கயிற்றை விரலில் மாட்டி, சுழற்சி இல்லாமல் யோயோவைத் தொங்கவிட்டு, ஓயும்வரை எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நடுநிலையில் இருக்கும் கயிறுகூட இங்கே சற்று இடஞ்சுழியாகத் திரும்பலாம். உலோக யோயோ பெரும்பாலும் 60 முதல் 70 கிராம் வரை எடை இருக்கும். அந்த எடையில் இழுபடும் முறுக்குக் கயிறு கொஞ்சம் பிரிவது இயல்பு. இந்த எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டு பின்னால் கழித்துவிட வேண்டும். இதைக் கழிக்காமல் விடுவதால்தான் பலர் நல்ல கயிற்றை "இறுகிவிட்டது" என்று நினைத்து, தளர்த்தித் தளர்த்தித் துவளவைத்துவிடுகிறார்கள்.

எண்ணி முடித்ததும் கயிற்றை மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஒரே வகை எறிதலை மட்டும் 20 முறை எறியுங்கள். நேர் எறிதல் என்றால் இருபதும் நேர் எறிதலாகவே இருக்கட்டும். விரல் முடிச்சைக் கழற்றவோ சுழற்றவோ வேண்டாம். கடைசி எறிதலில் யோயோவை அடியிலேயே ஓயவிட்டு, முன்பு போலவே எண்ணுங்கள். அதிகம் வேகமெடுத்தால் மறுபக்கம் தாண்டிப்போகும் என்பதால், இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை விரலால் தொட்டு நிறுத்தி விடவேண்டும். அடிப்படை எண்ணைக் கழியுங்கள். முதலில் இடஞ்சுழி 2, இப்போது இடஞ்சுழி 9 என்றால், 20 எறிதலில் 7 சுற்று முறுக்கு ஏறியிருக்கிறது. வலஞ்சுழி 4 என்று வந்தால் 6 சுற்று இறங்கியிருக்கிறது. இதையே பக்கவாட்டில் எறியும் ப்ரேக்அவேக்கும், முன்னோக்கி எறியும் ஃபார்வர்ட் பாஸுக்கும், இப்போது பழகிக்கொண்டிருக்கும் வித்தைக்கும் தனித்தனியாகச் செய்து தாளில் எழுதிவிடுங்கள். அந்தத் தாள் யோயோ பையிலேயே இருக்கட்டும்.

முறுக்கு மிகுந்தால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் பொதுதான், ஆனால் இரண்டும் ஒரே அளவு தீங்கல்ல. மிகுந்த கயிறு தன்னை உடனே காட்டிக்கொடுக்கும். சற்றுத் தளர்ந்தாலே சுருள் சுருளாகும். ட்ரபீஸில் அருகருகே இருக்க வேண்டிய இரண்டு இழைகளும் பின்னிக்கொள்ளும். அயர்ன் விப், லிண்டி லூப் போன்ற விப், ஸ்லாக் வித்தைகளில் வட்டமாக வர வேண்டிய வளையம் எட்டாக மடங்கி வரும். அதற்குள் விரலையோ யோயோவையோ செலுத்தப் போனால் முடிச்சுதான். அந்த முடிச்சு இடைவெளிக்குள் போய் இறுகினால் ஊசி வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

குறைந்த கயிறு இவ்வளவு கூச்சல் போடாது. அதனால்தான் அது ஆபத்தானது. புரிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கயிறு தட்டையாகத் தெரியும். விரல் நகம் புரிகளுக்கு நடுவே நுழையும். ஸ்லாக் எறிந்தால் வடிவம் பிடிக்காமல் தொப்பென்று விழும். பேரிங் மீதிருக்கும் கண்ணி அகன்று, ஒரு பக்கம் நகர்ந்து ரெஸ்பான்ஸ் பேடில் உரசும். யோயோ எதிர்பாராமல் கைக்குத் தாவி வரும். எல்லாவற்றையும்விட, இழைகள் ஒன்றாகச் சேர்ந்து சுமக்க வேண்டிய இழுப்பைத் தனித்தனியாகச் சுமக்கின்றன. கண்ணியருகே நைந்து, ஒரு வலுவான எறிதலில் அறுந்துவிடும். அறுந்த கயிற்றிலிருந்து பறக்கும் உலோக யோயோ விளையாட்டுப் பொருள் இல்லை. உங்கள் தாளில் முறுக்கு இறங்கும் பக்கம்தான் அதிகம் என்று வந்திருந்தால், ஒவ்வொரு முறை ஆடத் தொடங்கும்போதும் கண்ணியிலிருந்து ஒரு சாண் தூரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நார் எழும்பியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பேரிங் இல்லாத மர அச்சு யோயோவில் கதை வேறு. அங்கே முறுக்குதான் யோயோவின் குணத்தையே தீர்மானிக்கிறது. கண்ணி நேராக அச்சைப் பிடிப்பதால், சற்று இறுகினாலும் அடியில் நிற்காமல் உடனே ஏறிவிடும். சற்றுத் தளர்ந்தால் நன்றாக நிற்கும், ஆனால் இழுத்தால் ஏறாது. ஒரு நாள் முழுக்க "யோயோ கெட்டுவிட்டது" என்று தவிக்கும் இடக்கைக் குழந்தையின் யோயோவை இரண்டு மூன்று சுற்றுத் திருப்பிக் கொடுத்தால் போதும், சரியாகிவிடும். யோயோவில் பழுது எதுவும் இல்லை. பருத்திக் கயிறாக இருந்தால் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தில் பருத்தி உப்பும், கயிறு இறுகும். மழைக்காலத்தில் கோடையைவிட ஓரிரு சுற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். பாலியஸ்டர் கயிற்றை ஈரம் அவ்வளவாகப் பாதிக்காது.

சரிசெய்யும் முறைகளில் கயிற்றைக் கழற்றித் தொங்கவிடுவதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை என்பதே என் கருத்து. பத்து நொடிகூட ஆகாது, இடக்கை வலக்கை என்ற கேள்வியே எழாது. ஆனால் ஆட்டத்தின் நடுவில் நிறுத்த முடியாதபோது சாய்த்து எறியும் முறை, பறக்கும் தட்டு என்று சொல்லப்படுவது, கைகொடுக்கும். நேராக எறியாமல் கையைப் பக்கவாட்டில் வீசி எறிந்தால் யோயோ தட்டுப் போலப் படுத்துச் சுழலும். கயிறு அதன் விளிம்பில் உருண்டு வேகமாகத் திரும்பும். யோயோ மேலிருந்து பார்க்க எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பொறுத்து முறுக்கு ஏறும் அல்லது இறங்கும். உடலுக்குக் குறுக்கே வீசினால் ஒரு பக்கம், வெளிப்புறமாக வீசினால் எதிர்ப்பக்கம். வலக்கைக் குறிப்புகள் நேர்மாறாகும் இடங்களில் இதுதான் முதலாவது. நடுநிலைக் கயிற்றில் ஒரே ஒரு முறை குறுக்கே வீசி, மூன்று எண்ணும்வரை சுழலவிட்டு, ஊஞ்சல் சோதனை செய்து, தொங்கவிட்டுத் திசை பாருங்கள். ஏறியதா, இறங்கியதா என்று அதே தாளில் எழுதுங்கள். ஆயுள் முழுக்க அது போதும், கயிற்றின் புரி மாறாதவரை.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு அதிகமாகச் செய்துவிடுவது. பலமாக எறிந்து நெடுநேரம் விட்டால் இறுகிய கயிறு நடுநிலையைத் தாண்டித் தளர்ந்துபோகும். மிதமாக எறிந்து மூன்று நான்கு நொடியில் நிறுத்துங்கள். வலக்கையால் கயிற்றின் நடுவில் கிள்ளிப் பிடித்துக்கொண்டு செய்வதும் நல்லதல்ல. கிள்ளிய இடத்துக்குக் கீழே மட்டும் முறுக்கு மாறும்; விட்டதும் அது முழுக் கயிற்றுக்கும் பரவி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரியும், மறுபடி செய்யத் தோன்றும். கயிறு விரலிலிருந்து யோயோ வரை தடையின்றி இருக்க வேண்டும்.

மேடையில் ஆடுபவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்கலாம். உலகப் போட்டியின் இறுதிச் சுற்று ஆட்டம் 3 நிமிடம். ஆட்டத்தை ஒத்திகையில் முழுவதுமாக ஒரு முறை ஆடி, முடிவில் எத்தனை சுற்று எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அளந்துவிடுங்கள். 8 சுற்று ஏறுகிறது என்றால், 4 சுற்று தளர்த்தி ஆட்டத்தைத் தொடங்குங்கள். நடுவில் நடுநிலையைக் கடந்து, முடிவில் 4 சுற்று ஏறி நிற்கும். இரு முனைகளிலும் தாங்கக்கூடிய அளவுதான். வளையம் பெரிதாக விரிய வேண்டிய விப், ஸ்லாக் பகுதிகளை நடுநிலையைக் கடக்கும் இடத்துக்கு அருகே வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

இரு கைகளிலும் ஒவ்வொரு யோயோ வைத்து லூப் போடும் 2ஏ எனப்படும் பிரிவின் ஆட்டக்காரர்கள் எல்லோருமே பாதி இடக்கைக்காரர்கள்தான். ஒரே மாதிரிக் கயிறு, பிம்பமாக இயங்கும் இரண்டு கைகள். எனவே ஒரு கையில் முறுக்கு ஏறினால் மறுகையில் இறங்கும். பாதிப் பயிற்சியில் இரண்டு யோயோக்களையும் கை மாற்றிக்கொள்வது இதற்கு நல்ல மருந்து. இடது கையில் சேர்ந்ததை வலது கை கழித்துவிடும். இரண்டு கைகளின் வேகமும் சமமாக இல்லாவிட்டால் முழுக்கச் சரியாகாது, ஆனாலும் கயிற்றைக் கழற்ற வேண்டிய தடவைகள் வெகுவாகக் குறையும். கையின் உட்பக்கமாகத் திரும்பும் உட்புற லூப்பை மட்டும் நூற்றுக்கணக்கில் பழகாமல் இடையிடையே வெளிப்புற லூப்பும் போடுவது அதே காரணத்துக்காக உதவும்.

இடக்கைக்கென்று எஸ் முறுக்குக் கயிறு வாங்கலாமா அல்லது செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது என்ன செய்யும் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எஸ் கயிற்றை மாட்டினால் கையும் கயிறும் இரண்டுமே வலக்கைக்காரரின் பிம்பமாகிவிடும். எறிதல் பற்றிய வலக்கைக் குறிப்புகள் எல்லாம் சரியாகப் பொருந்தும், திருப்பிய காணொளியும் முழுக்கப் பொருந்தும். ஆனால் கயிற்றில் சேரும் சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றும் குறையாது. இசட் கயிற்றில் ஏறியவை எஸ் கயிற்றில் இறங்கும், அவ்வளவே. எனவே தாளைப் பாருங்கள். இசட் கயிறு உங்கள் கையில் தளர்ந்துகொண்டே போகிறது, கண்ணி நைகிறது என்றால் எஸ் கயிறு உண்மையான தீர்வு. தளர்வதைவிட இறுகுவது மேல். இசட் கயிறு இறுகிக்கொண்டே போகிறது என்றால், எஸ் கயிறு அதைத் தளர்வாக மாற்றிக் கயிற்றின் ஆயுளைத்தான் குறைக்கும். அப்படிப்பட்டவர் இசட் கயிற்றிலேயே இருந்து, அடிக்கடி தொங்கவிட்டு எடுப்பது நல்லது.

வீட்டில் செய்வதென்றால் பாலியஸ்டர் தையல் நூலும் ட்ரில்லும் போதும். மூன்று மீட்டர் நீளத்தில் 6 முதல் 8 இழைகளைச் சம இழுப்பில் நீட்டி, ஒரு முனையை ஆணியிலும் மறுமுனையை ட்ரில்லில் மாட்டிய கொக்கியிலும் கட்டுங்கள். ட்ரில் வழக்கமான திசையில், அதாவது திருகாணியை முடுக்கும் திசையில், ஓடினால் மடித்த பிறகு கிடைப்பது இசட் கயிறு. எதிர்த்திசைப் பொத்தானை வைத்தால் எஸ் கயிறு. நூலைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தால் தானே குட்டிச் சுருள் போடத் தொடங்கும்வரை முறுக்குங்கள். பிறகு நடுவில் 50 கிராம் அளவில் ஒரு நட்டைக் கோத்து, இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டால், நட்டு சுற்றிச் சுற்றிக் கயிறு உருவாகும். அது ஓயும்வரை விட வேண்டும். பாதியில் முடிச்சுப் போட்டுவிட்டால் முதல் எறிதலிலேயே கயிறு பாம்பாகச் சுருண்டுகொள்ளும்.

எஸ் கயிற்றில் ஒரு சிக்கல் வரும். கடையில் கிடைக்கும் தையல் நூல், தையல் இயந்திரத்துக்கு ஏற்றபடி, ஏற்கனவே இசட் முறுக்கில் இருக்கும். வழக்கமான கயிறு செய்யும்போது முதல் முறுக்கு அதற்கு எதிர்ப்பக்கம் போவதால் நூல் கொஞ்சம் இளகி, கயிறு மென்மையாக வரும். எதிர்த்திசையில் ஓட்டும்போது அதே பக்கம் மேலும் முறுக்கேறி, நூல் கம்பி போல விறைக்கும். ஆகவே எஸ் கயிற்றுக்கு முறுக்குச் சுற்றுகள் குறைவாகப் போதும். சுருள் விழத் தொடங்கும் அடையாளமும் சீக்கிரமே தெரியும். முடித்த கயிற்றை எடை மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டால் விறைப்பு கொஞ்சம் அடங்கும். அப்படியும் கை உறுத்தினால் ஓர் இழையைக் குறைத்துச் செய்து பாருங்கள்.

நீளம் எந்தக் கயிற்றுக்கும் ஒன்றுதான். யோயோவைத் தரையில் நிறுத்தி, தொப்புள் உயரத்தில் வெட்டி, முனையில் ஒரு சிறு வளைய முடிச்சுப் போட்டு, அதன் வழியே கயிற்றை இழுத்துச் சுருக்கு ஆக்கி, இடது நடுவிரலின் முதல் இரண்டு கணுக்களுக்கு இடையே மாட்ட வேண்டும். எஸ் கயிறுகளையும் இசட் கயிறுகளையும் ஒரே பையில் போடுவதாக இருந்தால், எஸ் கயிற்றின் முடிச்சு முனையில் ஸ்கெட்ச் பேனாவால் சிவப்பு பூசி வையுங்கள். ஆடிக் கறுத்த கயிற்றில் புரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று விளக்கடியில் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிராது.